வேலைக்குப் போய்க்கொண்டே வீடு மாறுவது: கையில் இருக்கும் விடுப்பை எதற்குச் செலவிடுவது?

வீடு மாறுவது என்றதும் பலருக்கு லோரியும் அலமாரியும்தான் கண்முன் வரும். ஆனால் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்குப் பொருள்களின் கனம் பெரிய சிக்கல் அன்று. நாலு பேரைக் கூப்பிட்டால் தூக்கிவிடலாம். நாள் கிடைப்பதுதான் சிக்கல். சாவி வாங்க ஒரு நாள், மின்சாரக் கணக்குக்கு ஒரு நாள், பிள்ளையின் பள்ளி மாற்றத்துக்கு ஒரு நாள், அடையாள அட்டைக்கு ஒரு நாள் என்று போனால் ஆண்டு விடுப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். அதன்பிறகு தீபாவளிக்கோ, ஊரில் ஒரு சாவுக்கோ எடுக்க நாள் இருக்காது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பள விடுப்பு உண்டு. 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. சில நிறுவனங்கள் கூடுதலாகத் தரலாம். வீடு மாறுவதற்கென்று தனி விடுப்பு எதையும் இச்சட்டம் தரவில்லை. ஆகவே, எந்த வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

மூன்று பட்டியல்

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்து வந்து இரவில் செய்யக்கூடியவை முதல் பத்தி: துணி மடிப்பது, பெட்டி கட்டுவது, வேண்டாததைக் கழிப்பது. கைப்பேசியிலும் இணையத்திலும் முடியக்கூடியவை இரண்டாவது பத்தி: மின்சார, தண்ணீர்க் கணக்குகள், வங்கி முகவரி, இணையச் சேவையை மாற்றக் கேட்பது. அலுவலக நேரத்தில் ஆள் நேரில் போய் நிற்க வேண்டியவை மூன்றாவது பத்தி. விடுப்பு இந்த மூன்றாவது பத்திக்கு மட்டும்தான்.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டி கட்ட இரண்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டு, முகப்பிடத்துக்குப் போக வேண்டிய நாளில் மேலாளரிடம் கெஞ்சி நிற்கிறார்கள்.

மூன்றாவது பத்தியையும் குறைக்க வழி உண்டு. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகங்கள் அங்கே ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஷா ஆலாமில் வேலை செய்துகொண்டு சுங்கைப் பட்டாணியிலிருந்து பெற்றோரை அழைத்து வருகிற பிள்ளைக்கு இது பெரிய உதவி. சனிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு காலையில் அரசு அலுவலக வேலையை முடித்து, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பழைய நினைவில் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கதவு பூட்டியிருக்கும்.

யூ.டி.சி. எனப்படும் நகர்ப்புற உருமாற்ற மையங்களில் சிலவற்றில் அரசுத் துறைகளின் முகப்பிடங்கள் வார இறுதியிலும் இயங்குகின்றன. போகும் முன் எந்தத் துறை எத்தனை மணி வரை என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கையில் எவ்வளவு வேண்டும்?

வாடகை வீட்டுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, மின்சாரம் தண்ணீருக்காக அரை மாத வைப்புத்தொகை. மாதம் 800 ரிங்கிட் வாடகை என்றால் 1,600, 800, 400 என மொத்தம் 2,800 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது ஒருவருடைய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை, லோரி வாசலுக்கு வருவதற்கு முன்பே கைவிட்டுப் போகிறது. இதைக் கணக்கில் வைக்காமல் சாவி வாங்கும் நாளைக் குறித்துவிட்டு, கடைசியில் வட்டிக்கு வாங்கும் குடும்பங்கள் உண்டு. வட்டி முதலையிடம் வாங்கிய 1,000 ரிங்கிட் வீட்டு வாடகையைவிட நீண்ட காலம் கூடவே குடியிருக்கும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று கணக்குகள் உள்ளன. புதிதாகச் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட் என்ற அளவில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வீடு வாங்குவோர் செஜாத்ரா கணக்கில் உள்ளதை அதற்குப் பயன்படுத்த விண்ணப்பிக்கலாம். இது கிழவயதுக்குச் சேர்த்த பணம் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் வட்டி முதலையிடம் போவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பழைய வீட்டில் மின்சாரக் கணக்கு சொந்தப் பெயரில் இருந்தால், அதை முறையாக மூடினால்தான் தெனாகாவிடம் கட்டிய வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். மீதிக் கட்டணம் இருந்தால் அதில் கழிக்கப்படும். இதைச் செய்யாமல் போய்விட்டால், அடுத்து வருபவர் எரிக்கும் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் பழைய குடித்தனக்காரர் பெயரில் பில் ஏறிக்கொண்டிருக்கும். கிளம்பும் நாளில் மின்சார, தண்ணீர் மீட்டர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய வீட்டில் நுழையும் நாளிலும் அதேபோல.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வேண்டும்

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் பேசுவது அந்த ஒப்பந்தத் தாள்தான். அது வருமான வரி வாரியத்தில் முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்தான 30 நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வைப்புத்தொகையைத் திரும்பத் தர மாட்டேன் என்று ஒருவர் சொல்லும் நாளில்தான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

2025 ஜனவரி முதல், ஓராண்டுக்கு மேற்போகாத ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் முத்திரைக் கட்டணம். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ரிங்கிட். மாதம் 1,000 ரிங்கிட் வாடகைக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் 48 ரிங்கிட் ஆகும். 2,000 ரிங்கிட் வைப்புத்தொகையைக் காக்க இது பெரிய செலவு அன்று.

சாவி வாங்கும் நாளுக்கு விடுப்பு எடுக்கலாம், அது வீணாகாது. பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து விடுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இறங்குகிறதா, விளக்குகள் எரிகின்றனவா, கூரையில் ஒழுகிய கறை இருக்கிறதா, கதவுப் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்து, உடைந்ததையும் கீறியதையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஈராண்டு கழித்து வெளியேறும்போது, அந்த உடைப்பு யார் செய்தது என்ற பேச்சே எழாது.

நல்ல நாளும் வேலை நாளும்

நம் குடும்பங்களில் நாள் பார்க்காமல் வீடு மாறுவது அரிது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் குடி போக மாட்டார்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பெரும்பகுதி மார்கழியோடு போய்விடுகிறது. பிள்ளை புதிய பள்ளியில் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும், மார்கழியிலும் மாறக்கூடாது என்றால், டிசம்பர் 15க்கு முன், கார்த்திகையிலேயே மாறிவிட வேண்டும். அதற்கு அக்டோபரிலேயே வீடு பார்த்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தீபாவளிக்குப் பிறகு போடுகிறவர்கள்தாம் தை பிறக்கட்டும் என்று காத்திருந்து, பள்ளி திறந்த பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள்.

பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் புதன்கிழமை காலை 6 மணிக்கு என்று இருக்கும். லோரி கிடைப்பதோ சனிக்கிழமை. இரண்டையும் ஒரே நாளில் கட்டிப்போட வேண்டியதில்லை. புதன் விடியற்காலையில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் மட்டும் எடுத்துப் போய் விளக்கேற்றிப் பால் காய்ச்சிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சாமான்கள் சனிக்கிழமை வரட்டும். பல பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு நாள் விடுப்பும் மிச்சமாகும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வாடகை கொடுக்க முடிந்தால், அந்தச் செலவு வீண் என்று நினைக்க வேண்டாம். வேலை முடிந்து வரும் வழியில் காரில் நாலு பெட்டி, மறுநாள் நாலு பெட்டி என்று கொண்டுபோய் வைக்கலாம். பழைய வீட்டைக் கழுவி ஒப்படைக்கவும் நேரம் கிடைக்கும்.

நாளுக்கு இரண்டு பெட்டி

வேலை முடிந்து களைத்து வருகிறவர் இரவு 12 மணி வரை பெட்டி கட்டக்கூடாது. நாளுக்கு இரண்டு பெட்டி போதும். மூன்று வாரத்தில் 42 பெட்டி ஆகிவிடும். எப்போதாவது எடுப்பவற்றை முதலில் கட்ட வேண்டும்: கல்யாணப் பட்டுப்புடவைகள், பூசைக்கு மட்டும் எடுக்கும் பித்தளைப் பாத்திரங்கள், பழைய பாடப் புத்தகங்கள். சமையலறை கடைசி. ஒவ்வொரு பெட்டியிலும் எந்த அறை என்று எழுத வேண்டும். அரிசிப் பானையும் அம்மிக்கல்லும் ஒரே பெட்டியில் போனால் அடி கிழிந்துவிடும். கனமானவற்றுக்குச் சிறிய பெட்டி, கனமில்லாதவற்றுக்குப் பெரிய பெட்டி.

ஒரு பை மட்டும் தனி. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் துணி, வேலைச் சீருடை, பள்ளிச் சீருடை, மருந்து, கைப்பேசி மின்னூட்டி, அரிசி, பருப்பு, ஒரு சட்டி. மறுநாள் காலை 5 மணிக்கு எழுந்து ஷிஃப்டுக்குப் போகிறவர், பெட்டி மலைக்குள் சீருடையைத் தேடக்கூடாது.

லோரி ஏறும் நாள்

அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் லோரியைப் பேசுவதற்கு முன் அங்குள்ள நிர்வாக அலுவலகத்தில் கேட்க வேண்டும். பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் மாலை நேரத்துக்குப் பிறகும் சாமான் ஏற்ற விட மாட்டார்கள். மின்தூக்கிக்கு முன்பணமும் கேட்பார்கள். இதைத் தெரியாமல் ஞாயிறு மாலை லோரியோடு போய் வாசலில் நின்றால், திங்கட்கிழமை வேலைக்கு மட்டம்தான்.

லோரிக்காரரிடம் விலையை வாய்ப்பேச்சாக விடாமல் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை ஆள், எத்தனை மாடி, டோல் யார் கட்டுவது, அலமாரியைக் கழற்றி மாட்டுவது சேர்ந்ததா என்று அதில் இருக்க வேண்டும். பாதி வழியில் கூடுதல் பணம் கேட்டு நிறுத்துகிற ஆள்களும் உண்டு. முழுப்பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

குளிர்பெட்டியை முந்தின இரவே அணைத்து, உறைபனியை உருகவிட்டுத் துடைத்துவிட வேண்டும். லோரியில் நிமிர்த்தி வைப்பதே நல்லது. படுக்க வைக்க நேர்ந்தால், புதிய வீட்டில் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். சமையல் வாயுத் தோம்பை நன்றாக மூடி, நிமிர்த்திக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் கொண்டுபோக வேண்டும். மூடிய காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு போவது ஆபத்து.

இரவு ஷிஃப்டு முடிந்து வந்தவர் அப்படியே லோரி ஏற்றப் போவதும், பிறகு மோட்டார் சைக்கிளில் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் அலைவதும் வேண்டாம். தூக்கமில்லாத ஒருவர் தூக்கும் அலமாரியைவிட, அவர் ஓட்டும் மோட்டார் சைக்கிள் பயங்கரம்.

தோட்டத்தை விட்டு வருகிறவர்களுக்கு

தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் போகும். பல தோட்டங்களில் வாடகை என்று ஒன்றில்லை. தண்ணீரும் மின்சாரமும் நிர்வாகம் பார்த்துக்கொண்டது. அங்கிருந்து தாமானுக்கு வருகிறவர்களுக்கு வாடகை, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் என்று எல்லாமே முதல் முறை. மின்சாரக் கணக்கு தொடங்க ஏறத்தாழ இரண்டு மாதக் கட்டணத்தை வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டியிருக்கும். நகரத்துக்கு அழைத்து வரும் பிள்ளைகள் இந்த மாதச் செலவைப் பெற்றோரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

சாவியைத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் வேலை செய்த காலம், கடைசிச் சம்பளம், வர வேண்டிய பணம் ஆகியவற்றுக்குக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமோ ஆள்பலத் துறையிடமோ கேட்ட பிறகு கையெழுத்துப் போடலாம். தோட்டத்தை விட்டு வந்த பிறகு திரும்பிப் போய்க் கேட்க அங்கே அதே கிராணி இருக்க மாட்டார். சில இடங்களில் அலுவலகமே இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாட்டியின் தகரப் பெட்டி. பழைய பிறப்புப் பத்திரம், தாத்தாவின் பழைய அடையாள அட்டை நகல், தோட்ட மருத்துவமனைச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, திருமணப் பதிவு. புதிய வீட்டில் இடமில்லை என்று இவற்றைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. நம் சமூகத்தில் இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும், சிவப்பு அடையாள அட்டையோடும் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியர்களின் பத்திரச் சிக்கலுக்காகவே 2011இல் மைடாஃப்தார் என்ற பதிவு இயக்கத்தை அரசு நடத்தியது. அப்படி விண்ணப்பிக்கும் ஒருவருக்கு, தாய் இந்த ஊரில் பிறந்தவர், தந்தை இந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று காட்டக்கூடியது அந்த மஞ்சளேறிய தாளாக இருக்கலாம். இன்று நமக்குத் தேவையில்லாதது நாளை அத்தை மகனுக்குத் தேவைப்படும். தகரப் பெட்டி லோரியில் போகக்கூடாது. வீட்டில் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு காரில் போக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்துப் பிள்ளைகள் இருவரிடம் வைத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு.

முகவரியை மாற்றாவிட்டால்

குடியேறிய 30 நாளுக்குள் தேசியப் பதிவுத் துறையில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தவறுவது குற்றம். இதைச் செய்தாலும் ஏற்கெனவே வாக்காளராக இருப்பவரின் தொகுதி தானாக மாறிவிடாது. அதற்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகளாகியும் பெயர் மட்டும் பழைய வாக்குச்சாவடியில் கிடக்கிறவர்கள், தேர்தல் நாளில் அவ்வளவு தூரம் போக முடியாமல் இருந்துவிடுகிறார்கள்.

வேலையிடத்திலும் புதிய முகவரியைக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ வேலை விபத்துத் திட்டத்தில் பாதுகாப்பு உண்டு. எந்த வீட்டிலிருந்து என்ற கேள்வி அப்போது வரும். நிறுவனத்தின் பதிவில் பழைய முகவரி இருந்தால், குடும்பம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் பழைய வீட்டில் பெட்டி எடுக்க வழி மாறிப் போனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புதிய வீடு தூரமாகி, காலை 8 மணிக்கு வந்து சேர முடியவில்லை என்றால் வேலையை விடுவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றில் மாற்றம் கேட்டு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் வீடு உறுதியானதுமே கடிதத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

பெரியவர்களும் பிள்ளைகளும்

அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து எடுக்கும் பெற்றோர் இருந்தால், எஸ்.பி.யு.பி. எனும் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையைப் பற்றி அங்குள்ள மருந்தகத்தில் கேளுங்கள். மீதி மருந்தைப் புதிய வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள இது வழி செய்கிறது. மருந்துக்காக மட்டும் ஒவ்வொரு மாதமும் பழைய ஊருக்குப் போய்வர விடுப்பு எடுக்க வேண்டாம். குழந்தைகளின் தடுப்பூசிப் புத்தகமும் கர்ப்பிணியின் பரிசோதனைப் புத்தகமும் கைப்பையில் இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் வீட்டைப் பார்க்கும்போதே பள்ளியையும் பார்க்க வேண்டும். பல தாமான்களில் நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப்பள்ளி இருப்பதில்லை. பள்ளி வேன் அந்தப் பக்கம் வருகிறதா, காலையில் எத்தனை மணிக்கு ஏற்றும், மாலையில் பிள்ளையை யார் வாங்குவார்கள் என்று முன்பே தெரிய வேண்டும். தோட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். தாமானில் அடுத்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கலாம். வேலைக்குப் போகும் தாய் வேலையை விட நேர்வதற்கு, தூரத்தைவிட இதுதான் பெரிய காரணமாகிறது.

ஆகவே, கையில் உள்ள 8 நாளில் சாவி வாங்கி வீட்டைச் சரிபார்க்க ஒரு நாள், லோரி ஏறும் நாளுக்கு மறுநாள் ஓய்வுக்கு ஒன்று, பள்ளிக்கும் முகப்பிடங்களுக்கும் ஒன்று என மூன்று நாள் போதும். மிச்ச ஐந்து நாளும் கையில் இருக்கட்டும். புதிய வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தீபாவளி வரும், ஊரிலிருந்து தொலைபேசி வரும்.